தரங்கம்பாடி: அரை மணி நேர ஊரா, ஒரு நாள் ஊரா?

கொள்ளிடக்கரை எழுதியது:

அப்பாவுக்கு அடுத்த மாதம் எழுபது வயது நிறைகிறது. பீமரத சாந்தியைத் திருக்கடையூரில் வைத்திருக்கிறோம். சடங்கு முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, ஒரு மாலையும் மறுநாள் முழுவதும் எங்கள் கையில் இருக்கிறது. எட்டு கிலோமீட்டரில் தரங்கம்பாடி. அங்கேயே ஒரு ராத்திரி தங்கலாம் என்று சொன்னேன். மைத்துனர், "அங்கே என்ன இருக்கு? ஒரு கோட்டை, ஒரு பீச். அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்கிறார்.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எந்த ஊருக்குப் போனாலும் கல்வெட்டோ பெயர்ப்பலகையோ கண்ணில் பட்டால் முழுக்கப் படிக்காமல் நகர மாட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது. இவர்களோடு ஒரு நாள் தங்கிப் பார்க்கும் அளவுக்கு அங்கே விஷயம் இருக்கிறதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலைப்பறவை எழுதியது:

உங்கள் மைத்துனர் சொல்வதுதான் சரி. நான் போன வருஷம் காரைக்காலில் இருந்து திரும்பும்போது இறங்கினேன். பகல் 12 மணி. கோட்டைக்குள் நாலைந்து கண்ணாடிப் பெட்டிகள், பழைய காசுகள், பானை ஓடுகள். வெளியே வந்தால் நிழலே இல்லை. நாற்பது நிமிடத்தில் வண்டியில் ஏறிவிட்டோம். பெரியவர்களை அந்த வெயிலில் அலைக்கழிக்க வேண்டாம்.

உப்புக்காற்று எழுதியது:

நண்பரே, பகல் 12 மணிக்குப் போனால் எந்தக் கடற்கரை ஊரும் அப்படித்தான் இருக்கும். நான் அந்த ஊர்க்காரி, கோட்டைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவள். வருகிறவர்கள் எல்லாரும் வண்டியை நேராகக் கோட்டை வாசலில் கொண்டு நிறுத்துகிறார்கள். அது புத்தகத்தின் நடுப்பக்கத்தைப் பிரித்து இரண்டு வரி படித்துவிட்டு மூடுவது மாதிரி.

கொள்ளிடக்கரை, நீங்கள் இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நகர வாயிலில் இறங்குங்கள். ஊர் ஒரு காலத்தில் டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது, அவர்கள் வைத்த வாசல் அது. வெள்ளையடித்த வளைவு வாசல், மேலே டென்மார்க் அரச சின்னம். 1792இல் கட்டியது. அப்போது ஆளுநராக இருந்தவர் பீட்டர் ஆங்கர். படம் வரையத் தெரிந்தவர், இந்தப் பக்கத்துக் காட்சிகளை நிறைய வரைந்து வைத்தார். அந்த வாயிலில் இருந்து கடல் வரைக்கும் ஒரே நேர் தெரு, ராஜ வீதி. மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம் ஆகாது. வழியில் சீயோன் ஆலயம், 1701. புதிய எருசலேம் ஆலயம், 1718. அதன் முகப்பில் நான்காம் பிரடெரிக் அரசரின் முடிச் சின்னம் இருக்கிறது. டென்மார்க் அரசர் அனுப்பி இங்கே வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவை உள்ளேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். தெரு முடிகிற இடத்தில் கடல்.

அம்மாவுக்கு நடக்க முடியாவிட்டால் வண்டி பின்னாலேயே வரட்டும். சாயங்காலம் அங்கே நெரிசல் கிடையாது.

மறுநாள் விடியற்காலை அப்பாவை மாசிலாமணிநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். கோட்டையைப் பத்து மணிக்குமேல் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, எதற்கும் கிளம்பும் முன்பு ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:

நன்றி அக்கா. மாசிலாமணிநாதர் கோயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா? படத்தில் பார்த்தால் அலை ஏறக்குறைய சுவரில் அடிக்கிறது.

உப்புக்காற்று எழுதியது:

சுவரில் அடிப்பது என்ன, கோயிலின் முன்பகுதி கடலுக்குள்ளேயே போய்விட்டது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. அங்கே உள்ள கல்வெட்டில் ஊருக்குச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் பெயர் இருக்கிறது. 'பட்டினம்' என்ற சொல்லை உங்கள் அப்பாவுக்கு விளக்க வேண்டியதில்லை. டென்மார்க் கப்பல் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னாலேயே இது துறைமுக ஊர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெளியூரில் இருந்து வருகிறவர்கள் பலரும் ஏதோ வெறும் மணல்மேட்டில் டேனிஷ்காரர்கள் வந்து ஊரை உண்டாக்கினார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

என் பாட்டி சிறுமியாக இருந்தபோது கோயிலுக்கு முன்னால் மணலில் ஓடி விளையாட இடம் இருந்ததாம். எனக்கு நினைவு தெரிந்த நாளில் அந்த மணல் இல்லை. அப்புறம் பாறாங்கற்களைக் கொண்டு வந்து கொட்டினார்கள். இப்போது அலை கல்லில் மோதிச் சிதறுகிறது, அந்தத் திவலை கோயில் கல்லில் படிகிறது. கையால் தடவினால் உப்பு நரநரவென்று ஒட்டும். ஆனால் தயவுசெய்து யாரும் அந்தக் கற்கள்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். பாசி பிடித்து வழுக்கும்.

ஈயஎழுத்து எழுதியது:

அச்சுக்கூடத்தில் முப்பது வருஷம் எழுத்துக் கோத்தவன் நான், அதனால் இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. தமிழாசிரியர் வருகிறார் என்றால் அச்சுக்கதையை விட்டுவிடக் கூடாது.

சீகன்பால்கு, புளூட்சோ இருவரும் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706 ஜூலை 9. வந்தவுடன் சீகன்பால்கு செய்த முதல் காரியம் எழுபது வயது திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிடித்ததுதான். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். இரண்டே வருஷத்தில், தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்குக் குறிப்போடு ஒரு பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள். தொல்காப்பியமும் திருக்குறளும் அதில் இருக்கின்றன. அதே 1708இல் ஆளுநர் ஹாசியுஸோடு மோதல் முற்றி, நான்கு மாதம் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். கோட்டையின் கீழ்த்தளத்து இருட்டறைகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடிப் பெட்டிகளைவிட அதிகம் சொல்லும்.

அச்சுக்கு வருகிறேன். 1712இல் லண்டனில் இருந்து அச்சு இயந்திரம் வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். வந்து பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் பெரிசு பெரிசாக இருக்கிறது. எழுத்துக் கோத்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். எழுத்து பெரிதானால் ஒரு பக்கத்தில் அடங்கும் வரி குறையும், பக்கம் கூடும், காகிதம் தின்னும். அந்தக் காகிதமோ ஐரோப்பாவில் இருந்து கப்பலில் வர வேண்டும். அதனால் ஊரிலேயே சின்ன எழுத்தாக வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சானது. காகிதமும் இங்கேயே செய்து பார்க்கலாம் என்று பக்கத்துப் பொறையாரில் ஆலை போட்டார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் நின்றுவிட்டது.

சீகன்பால்குவின் இன்னொரு நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை விவரித்து 1713இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். ஊர் ஊராகக் கேட்டு எழுதியது. அவரை அனுப்பியவர்கள், உன்னை அனுப்பியது இந்தச் சமயத்தை ஒழிக்கத்தான், பரப்ப இல்லை என்ற தொனியில் கிடப்பில் போட்டுவிட்டார்கள். சென்னையில் 1867இல்தான் அது அச்சேறியது. நூற்றைம்பது வருஷம் ஒரு கைப்பிரதி காத்துக் கிடந்தது.

நெடுஞ்சாலைப்பறவை எழுதியது:

சார், இதெல்லாம் தெரியாமல் போய்விட்டேன். இந்தியாவிலேயே முதல் தமிழ்ப் புத்தகம் அச்சானது தரங்கம்பாடியில்தான் என்று ஒரு காணொளியில் கேட்ட நினைவு. சரிதானே?

ஈயஎழுத்து எழுதியது:

இல்லை. அதற்கு 130 வருஷத்துக்கு மேல் முன்னாலேயே, 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. போர்ச்சுக்கீசியப் பாதிரியார் என்றிக்கே என்றிக்கஸ் செய்த வேலை. ஆனால் அந்த அச்சு முயற்சி தொடராமல் நின்றுபோனது. தரங்கம்பாடியில் அது நிலைத்து, வருஷக்கணக்காகப் புத்தகம் வந்துகொண்டே இருந்தது. ஊருக்கு இந்தப் பெருமை போதும், இல்லாத முதலிடத்தைக் கொடுக்க வேண்டாம்.

கடலலை33 எழுதியது:

யாரும் சொல்லவில்லையே, தரங்கம்பாடிக் கடற்கரையில் ஓசோன் அதிகம், அந்தக் காற்றைச் சுவாசித்தால் உடம்புக்கு ரொம்ப நல்லது. எங்கள் வண்டி ஓட்டுநர்கூடச் சொன்னார். வயதானவர்களைக் கண்டிப்பாக அதிகாலையில் மூச்சு இழுத்து விடச் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்காளவாய் எழுதியது:

கடலலை, இது இணையம் முழுக்கச் சுற்றுகிற செய்தி. மேலே வானத்தில் ஓசோன் படலம் நம்மைக் காக்கிறது, சரி. தரைமட்டத்தில் ஓசோன் கூடினால் அது நுரையீரலை எரிக்கும் மாசு. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இன்னும் கெடுதல். கடற்கரையில் நாம் 'நல்ல காற்று' என்று இழுக்கிற அந்த வாசனை, கடலில் உள்ள நுண்பாசிகளைச் சார்ந்து உண்டாகும் ஒரு கந்தகச் சேர்மம். அதிகாலை நடை நல்லதுதான், தாராளமாக நடக்கட்டும். ஆனால் இந்த ஊருக்கு வர அந்தக் காரணம் தேவையில்லை.

நான் கட்டட வேலைக்காரன். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் தொழில். எனக்குத் தரங்கம்பாடி என்றால் முதலில் நினைவுக்கு வருவது சுவர்தான். கோட்டை 1620இல் கட்ட ஆரம்பித்தது. செங்கல், சுண்ணாம்புக் காறை. நாலு நூற்றாண்டாக நேர் எதிரே கடல். 2004 சுனாமியையும் பார்த்துவிட்டு நிற்கிறது. அதே தெருவில் இருபது வருஷம் முன்பு சிமெண்ட் பூசிய சுவர் பொரிந்து உதிர்கிறது.

காரணம் எளிது. கடலோரத்தில் மண்ணுக்குள் இருக்கிற உப்புத் தண்ணீர் செங்கல் வழியாகச் சுவரில் ஏறும். இதைத்தான் ஓதம் என்கிறோம். சுண்ணாம்புக் காறை இளகலானது, அதன் வழியாக ஈரம் வெளியேறிவிடும். உப்பு காறையின் மேல்பக்கம் பூத்து, காறையோடு உதிரும். உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம், உள்ளே செங்கல் பத்திரமாக இருக்கும். சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும். இன்னும் மேலே ஏறும். உப்பு உள்ளேயே படிகமாகி, செங்கலைத் தள்ளித் தள்ளி மாவாக்கிவிடும். வெளியே பார்க்கச் சுவர் கல் மாதிரி இருக்கும். தட்டினால் டொக்கு என்று கேட்கும்.

உப்புக்காற்று எழுதியது:

அண்ணே, அந்த 'டொக்கு' சத்தம் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே கேட்டது.

சுனாமி அன்று காலையில் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டுப் போனது. அந்த நாளைப் பற்றி இங்கே அதிகம் எழுத என்னால் முடியாது, ஒவ்வொரு தெருவிலும் ஆட்களை இழந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு சுவரெல்லாம் இடுப்பளவுக்கு ஊறிக் கிடந்தது. அப்பா ஒரு காண்டிராக்டரைக் கூட்டி வந்தார். அவர் பழைய காறையை முழுக்கச் செதுக்கி எடுத்துவிட்டு, கெட்டியாக இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசினார். மூன்றாவது மழைக்காலத்தில் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அப்பா சுரண்டிப் பார்த்தார். செங்கல் சிவப்புப் பொடியாகக் கையில் வந்தது. தாத்தா காலத்துச் சுவர். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதே சமயத்தில் பக்கத்தில் பொற்கொல்லர் தெருவில், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு சின்னச் சின்ன ஓட்டு வீடுகளைப் பழைய முறையிலேயே சரிசெய்துகொண்டிருந்தது. பத்தடி அகல வீடுகள். வாசலில் திண்ணை, இரண்டு மரத்தூண், உள்ளே ஒரு துண்டு வானம் தெரிகிற முற்றம். கோட்டையைப் புதுப்பித்தபோது நாங்கள் வேடிக்கை பார்த்தோம். இந்த வீடுகளைச் சரிசெய்தபோதுதான், அட, நாம் இருப்பதுவும் பாரம்பரியம்தானா என்று எங்களுக்கே தோன்றியது. அதனால்தான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன், கோட்டையில் ஒரு மணி நேரம் போதும், தெருக்களில் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

சுண்ணாம்புக்காளவாய் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் சொன்ன சுவர் மாதிரி நான் நூறு சுவர் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பா மேல் தப்பில்லை. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் அப்போது கிடைப்பதே அரிது.

படிப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டு, தண்ணீரில் நீற்றி, நாள்கணக்கில் ஊற வைக்க வேண்டும். பிறகு மணலோடு அரைக்க வேண்டும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். கரண்டியில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி ஒட்டி நிற்க வேண்டும், வழியவும் கூடாது, உதிரவும் கூடாது. அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும். பூசிய பிறகு வெயில் நேரே படாமல் சாக்கை நனைத்துப் போட்டுக் காக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை. கோட்டையில் மேல்தளத்துக்கு ஏறினால் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வெளியே வெயில் கொளுத்தும்போதும் குளுமையாக இருக்கும்.

கடலலை33 எழுதியது:

ஓசோன் விஷயத்தைத் திருத்தியதற்கு நன்றி. அந்தச் செய்தியை நானே பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கு அவர்களுக்குத் திருத்தம் அனுப்புகிறேன்.

ஈயஎழுத்து எழுதியது:

இன்னும் இரண்டு செய்தி, தமிழாசிரியருக்காக.

ஒன்று, டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்த 1620 ஒப்பந்தம். தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கடலுக்கு அப்பால் ஓர் அரசனுக்கு எழுதும்போதும் தமிழில் எழுதினார்கள். அப்புறம் 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டார்கள். ஊரையே கிரயம் பேசி விற்றது இன்றைக்குப் படித்தாலும் மனசை என்னவோ செய்கிறது.

இரண்டாவது, மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1879இல் வெளியான முதல் தமிழ் நாவலை எழுதியவர். அவர் தரங்கம்பாடியில் முன்சீப்பாக இருந்தவர். ராஜ வீதியில் நடக்கும்போது அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் நிச்சயம் நின்றுவிடுவார்.

உப்புக்காற்று எழுதியது:

நேரம் மிச்சம் இருந்தால் வடக்கே பூம்புகார் போகலாம். சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கண்ணகி கதை முழுக்கக் கல்லில் செதுக்கியிருக்கிறது. தமிழாசிரியருக்கு அதற்கே அரை நாள் வேண்டும். ஆனால் இரண்டு ஊரையும் ஒரே நாளில் திணித்தால் அம்மாவுக்கு முடியாது.

கொள்ளிடக்கரை எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். போய் வந்தோம். தரங்கம்பாடி மட்டும்தான், பூம்புகாரை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொண்டோம்.

சாயங்காலம் நகர வாயிலில் இறங்கினோம். ஈயஎழுத்து சார், கால் மணி நேரத் தெருவுக்கு எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. வேதநாயகம் பிள்ளை பெயரைச் சொன்னதும் அப்பா அங்கேயே ஓரமாக ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். நீதிமன்றம் எங்கே இருந்திருக்கும் என்று போவோர் வருவோரையெல்லாம் விசாரித்தார். எருசலேம் ஆலயத்துக்குள் போனபோது செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லறையில் உள்ள எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்தார். "மணல்ல எழுதிப் படிச்சவன்டா" என்று இரண்டு தடவை சொன்னார்.

விடியற்காலை கோயிலுக்குப் போனோம். அம்மா கற்களுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அந்த நாற்காலியைக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். சூரியன் வந்ததும் கோயில் கல்லெல்லாம் தேன் நிறத்துக்கு மாறியது. அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை.

பொற்கொல்லர் தெருவுக்கு வண்டியிலேயே போனோம். ஒரு வீட்டு அம்மா உள்ளே கூப்பிட்டு முற்றத்தைக் காட்டினார். அம்மா அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ப் பழைய வீடும் இப்படித்தானே இருந்துச்சு" என்றார். எங்கள் தாத்தா வீடு சீர்காழிக்குக் கிழக்கே இருக்கிறது. நாலு வருஷம் முன்பு நான்தான் கொத்தனாரை வைத்துச் சிமெண்ட் பூசினேன். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் போய்த் தட்டிப் பார்த்தேன். கிழக்குச் சுவரில் முழங்கால் உயரம் வரை டொக்கு என்கிறது. சுண்ணாம்புக்காளவாய் அண்ணே, இனி என்ன செய்வது? முழுக்க உரித்துவிட வேண்டுமா?

சுண்ணாம்புக்காளவாய் எழுதியது:

முழுக்க உரிக்க வேண்டாம் தம்பி. முதலில் டொக்கு கேட்கிற இடத்தில் ஒரு சதுர அடி மட்டும், சுத்தியலை ஓங்காமல் உளியால் மெதுவாகப் பெயர்த்துப் பாருங்கள். செங்கலில் நகத்தால் கீறுங்கள். நகம் இறங்காவிட்டால் தப்பித்தீர்கள். அப்படியே திறந்து விட்டுவிடுங்கள், மழைக்காலத்துக்கு முன்னால் மூன்று நான்கு மாதம் காய வேண்டும். மேலே பூக்கிற உப்பை உலர்ந்த துடைப்பத்தால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். நகம் இறங்கினால் அந்தச் செங்கலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பெயர்த்த இடத்தைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.